ரத்தப் புற்றுநோய் செல்கள் எலும்பு மஜ்ஜைக்குள் குடியேறுவது எப்படி?

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை என்றதும், எலும்பைத் திறந்து அதற்குள் புதிய மஜ்ஜையை வைத்து மூடுவார்கள் என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில், கொடையாளியிடமிருந்து சேகரித்த ஸ்டெம் செல்கள், அதாவது எல்லா ரத்தச் செல்களுக்கும் மூலமான செல்கள், ஒரு பையில் வந்து சேரும். ரத்தம் ஏற்றுவதைப் போலவே அவற்றைச் சிரை வழியாக ஏற்றுவார்கள். நோயாளி கட்டிலில் விழித்தபடியே படுத்திருப்பார். அந்தச் செல்கள் இதயத்தையும் நுரையீரலையும் கடந்து, உடல் முழுவதும் ஓடும் ரத்தத்தோடு சுற்றி, எலும்பு மஜ்ஜை எங்கே இருக்கிறது என்பதைத் தாமாகவே கண்டுகொண்டு அங்கே இறங்கிவிடுகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் புதிய வெள்ளையணுக்கள் ரத்தப் பரிசோதனையில் தென்படத் தொடங்கும். 1957-இல் இந்த முறையை மனிதர்களிடம் முயன்று பார்த்தவர் அமெரிக்க மருத்துவர் டொனல் தாமஸ். அந்தப் பணிக்காக 1990-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது.

ரத்தப் புற்றுநோயைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்தச் செய்தியிலிருந்து தொடங்குவதே நல்லது என்று கருதுகிறேன். ஏனென்றால், மஜ்ஜையைத் தேடிப் போகும் வழியைப் புற்றுநோய் செல் புதிதாகக் கண்டுபிடிப்பதில்லை. நலமான ரத்தச் செல்களுக்கென்று உடல் ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கும் வழியிலேயே அதுவும் செல்கிறது. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் உயிர் காக்கும் ஏற்பாடும், லுக்கீமியா என்னும் ரத்தப் புற்றுநோயில் உயிருக்கு ஆபத்தாகும் ஏற்பாடும் பெருமளவு ஒன்றேதான்.

முதலில், 'பரவுதல்' என்ற சொல் இங்கே எதைக் குறிக்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மார்பகத்திலோ குடலிலோ தோன்றும் புற்றுநோய் ஓரிடத்தில் கட்டியாக வளர்ந்து, பிறகு அங்கிருந்து பிரிந்து வேறோர் உறுப்புக்குச் செல்வதைப் பரவல் என்கிறோம். ரத்தச் செல்களோ இயல்பிலேயே பயணம் செய்பவை. லுக்கீமியா பெரும்பாலும் மஜ்ஜையிலேயே தோன்றி, ரத்தத்துக்குள் வழிந்து, உடலின் மற்ற எலும்புகளிலுள்ள மஜ்ஜைக்கும் சென்று சேர்கிறது. லிம்போமா பெரும்பாலும் நிணநீர்க் கணுக்களில் தொடங்கி, சிலருக்கு அங்கிருந்து மஜ்ஜைக்கு வருகிறது. மல்டிபிள் மைலோமா, நோய் எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களிலிருந்து பிறந்து, மஜ்ஜையையே தன் இருப்பிடமாகக் கொண்டு, ஓர் எலும்பிலிருந்து இன்னோர் எலும்புக்குத் தாவுகிறது. ஆகவே, லிம்போமா மஜ்ஜையை எட்டிவிட்டது, இது நான்காம் நிலை என்று மருத்துவர் சொல்லும்போது, நுரையீரல் புற்றுநோயின் நான்காம் நிலையோடு அதை ஒப்பிட்டு மனம் உடைந்துபோகத் தேவையில்லை. மஜ்ஜையை எட்டிய லிம்போமாக்களில் முழுமையாகக் குணமாகக்கூடியவையும் உண்டு. பல ஆண்டுகள் கட்டுக்குள் வைத்திருக்கக்கூடியவையும் உண்டு. இந்த ஒரு வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்லாததால் எத்தனையோ குடும்பங்கள் தேவையற்ற அச்சத்தில் தவிக்கின்றன என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

மஜ்ஜை என்பது எலும்புக்குள் இருக்கும் மென்மையான திசு. குழந்தைப் பருவத்தில் ஏறத்தாழ எல்லா எலும்புகளிலும் ரத்தம் உற்பத்தி செய்யும் சிவப்பு மஜ்ஜை இருக்கும். வளர வளரக் கை, கால் எலும்புகளின் பெரும்பகுதியில் கொழுப்பு நிறைந்த மஞ்சள் மஜ்ஜை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, பெரியவர்களுக்கு முதுகெலும்பு, இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்புகள், மண்டையோடு, தொடை மற்றும் மேற்கை எலும்புகளின் மேல்முனைகள் ஆகியவற்றில்தான் சிவப்பு மஜ்ஜை மிஞ்சுகிறது. அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்கள் உருவாகின்றன. மஜ்ஜைப் பரிசோதனைக்கு இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் ஊசி குத்துவதற்கும், மைலோமா நோயாளிகளுக்கு முதுகிலும் விலாவிலும் வலி வருவதற்கும் காரணம் இதுவே. சிவப்பு மஜ்ஜை எங்கே இருக்கிறதோ, பெரும்பாலும் அங்கேதான் நோயும் இருக்கும்.

இந்தத் திசுவின் ஊடாகச் சைனுசாய்டு எனப்படும் அகன்ற, மெல்லிய சுவர் கொண்ட நுண் ரத்தக்குழாய்கள் பின்னிப் படர்ந்துள்ளன. அவற்றின் சுவர் ஒரே ஓர் அடுக்குச் செல்களால் ஆனது. சுவருக்கு வெளியே, ரத்தச் செல்களைத் தாங்கி வளர்க்கும் ஸ்ட்ரோமா செல்கள், எலும்பைக் கட்டும் செல்கள், எலும்பைக் கரைக்கும் செல்கள், கொழுப்புச் செல்கள், நரம்பு இழைகள் ஆகியவை நெருக்கமாக அமைந்திருக்கின்றன. ரத்த ஸ்டெம் செல் ஸ்டெம் செல்லாகவே நீடிப்பதற்கு அதன் உள்ளியல்பு மட்டும் போதாது, அதைச் சுற்றியுள்ள குறிப்பிட்ட சூழலும் வேண்டும் என்ற கருத்தை 1978-இல் ரேமண்ட் ஸ்கோஃபீல்ட் என்ற ஆய்வாளர் முன்வைத்தார். அந்தச் சூழலை இங்கே உறைவிடம் என்று அழைப்போம். புற்றுநோய் ஆய்வில் இதற்கு முன்பே இதையொத்த சிந்தனை ஒன்று இருந்தது. லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட், மார்பகப் புற்றுநோய் சில உறுப்புகளுக்கு மட்டும் அதிகமாகப் பரவுவதை ஆராய்ந்து, புற்றுநோய் செல் விதை என்றால் அது சென்று விழும் உறுப்பு மண், மண் ஏற்றதாக இருந்தால்தான் விதை முளைக்கும் என்று 1889-இல் எழுதினார். ரத்தச் செல்களைப் பொறுத்தவரை மஜ்ஜையைப் போல் வளமான மண் உடலில் வேறெங்கும் இல்லை.

அப்படியானால், ஓடும் ரத்தத்திலுள்ள ஒரு செல் மஜ்ஜையை அடையாளம் காண்பது எப்படி?

மஜ்ஜையின் ஸ்ட்ரோமா செல்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்ற சிறு புரதத்தை இடைவிடாமல் சுரக்கின்றன. அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி சிஎக்ஸ்சிஆர்4. இது ரத்த ஸ்டெம் செல்களின் மேற்பரப்பிலும், பலவகை வெள்ளையணுக்களின் மேற்பரப்பிலும், பெரும்பாலான ரத்தப் புற்றுநோய் செல்களின் மேற்பரப்பிலும் இருக்கிறது. புரதத்தின் செறிவு எந்தத் திசையில் கூடுகிறதோ அந்தத் திசையை நோக்கிச் செல் நகரும். இந்தப் புரதம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்ட எலி ஆய்வு காட்டியது. கருவில் ரத்தம் முதலில் கல்லீரலில் உருவாகி, பிறகுதான் அந்தப் பணி மஜ்ஜைக்கு மாறுகிறது. சிஎக்ஸ்சிஎல்12 இல்லாமல் வளர்ந்த எலிக் கருக்களிலோ மஜ்ஜையில் ரத்தம் உருவாவது கடுமையாகக் குன்றிப்போயிருந்தது. பிறப்பதற்கு முன்பே நம் ஒவ்வொருவரின் உடலிலும் நடந்து முடிந்த ஓர் இடப்பெயர்ச்சியைத்தான் லுக்கீமியா செல் பிற்பாடு தன் பங்குக்குத் திரும்பச் செய்கிறது.

ஆனால் வேதியியல் அழைப்பு மட்டும் போதாது. ரத்த ஓட்டத்தின் வேகத்தில் அடித்துச் செல்லப்படும் செல் முதலில் நிற்க வேண்டும். மஜ்ஜைச் சைனுசாய்டின் உட்சுவரில் ஈ-செலக்டின் என்ற பற்றுப் புரதம் உண்டு. உடலின் மற்றப் பெரும்பாலான பகுதிகளில் காயமோ அழற்சியோ ஏற்படும்போது மட்டுமே ரத்தக்குழாய்ச் சுவரில் தோன்றும் இந்தப் புரதம், மஜ்ஜையில் எப்போதும் இருக்கிறது. கடந்துபோகும் செல்லின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளை அது லேசாகப் பற்றுகிறது, விடுகிறது, மறுபடியும் பற்றுகிறது. இதனால் செல் சுவரோரமாக உருளத் தொடங்கி வேகம் குறைகிறது. வேகம் குறைந்ததும், சுவரின் மேல் படிந்திருக்கும் சிஎக்ஸ்சிஎல்12 செல்லின் ஏற்பியைத் தொடுகிறது. அந்தத் தொடுகை செல்லுக்குள் ஒரு சமிக்ஞையாகப் பாய்ந்து, மேற்பரப்பில் மடங்கிக் கிடந்த விஎல்ஏ-4 என்ற இன்டெக்ரின் புரதத்தை நொடிப்பொழுதில் நிமிர்த்துகிறது. நிமிர்ந்த விஎல்ஏ-4, சுவரிலுள்ள விகேம்-1 என்ற புரதத்தை இறுகப் பிடிக்கிறது. உருண்டுகொண்டிருந்த செல் நின்றுவிடுகிறது. பின்னர் அது தட்டையாகி, சுவரில் இடுக்கு கிடைக்கும் இடத்தில் தன் உடலின் ஒரு பகுதியை நீட்டி, தன் உட்கருவையும் நெளித்து இழுத்துக்கொண்டு, மறுபுறம் உள்ள மஜ்ஜைத் திசுவுக்குள் நுழைகிறது. மாற்றுச் சிகிச்சையில் ஏற்றிய ஸ்டெம் செல்லும் மைலோமா செல்லும் இந்தப் படிகளை ஏறக்குறைய இதே வரிசையில் கடக்கின்றன.

இதை உயிருள்ள உடலில் நேரடியாகப் பார்க்க முடிந்தது 2005-இல். எலியின் மண்டையோட்டு எலும்பு மிக மெல்லியது என்பதால், எலும்பை உடைக்காமலேயே லேசர் நுண்ணோக்கியால் உள்ளிருக்கும் மஜ்ஜையைக் காண முடியும். மனித லுக்கீமியா செல்களுக்கு ஒளிரும் சாயமேற்றி எலியின் ரத்தத்தில் செலுத்தியபோது, அவை மஜ்ஜை முழுவதும் சீராகப் படியவில்லை. ஈ-செலக்டினும் சிஎக்ஸ்சிஎல்12-உம் செறிந்திருந்த சில குறிப்பிட்ட ரத்தக்குழாய்ப் பகுதிகளில் மட்டும் கூடின. நலமான ஸ்டெம் செல்களும் அதே பகுதிகளில்தான் இறங்கின. எனினும் எல்லா வகை லுக்கீமியாவும் இப்படி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு கிடப்பதில்லை. டி செல் என்ற வெள்ளையணு வகையில் தோன்றும் லுக்கீமியாவை இதே முறையில் ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், அந்தச் செல்கள் ஓரிடத்தையே சார்ந்திராமல் மஜ்ஜைக்குள் ஓயாமல் அலைந்துகொண்டிருந்ததும், கீமோதெரபிக்குப் பின் எஞ்சியவை இன்னும் வேகமாக நகர்ந்ததும் தெரியவந்தது. உறைவிடம் என்றவுடன் அசையாத ஓர் அறையை மனத்தில் வரைந்துகொள்வது தவறு என்பதற்கு இது நல்ல சான்று.

உள்ளே நுழைந்த பிறகு நடப்பதுதான் நோயின் பெரும்பகுதி. லுக்கீமியா செல்கள் தங்குமிடத்தைப் பயன்படுத்துவதோடு நிற்காமல், அதை மாற்றியும் அமைக்கின்றன. அவை வளர்ந்த இடங்களில் நலமான ரத்த முன்னோடிச் செல்களின் எண்ணிக்கையும் செயல்பாடும் குன்றுவதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. சிவப்பணுக்கள் குறைவதால் களைப்பும் மூச்சிரைப்பும், தட்டணுக்கள் குறைவதால் தோலில் சிறு சிவப்புப் புள்ளிகளும் ஈறுகளில் கசிவும், முதிர்ந்த வெள்ளையணுக்கள் குறைவதால் தணியாத காய்ச்சலும் வருகின்றன. ரத்தத்தில் வெள்ளையணுக்களின் மொத்த எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியிருக்கும்போதும் நோயாளி ஒரு சாதாரணத் தொற்றைத் தாங்க முடியாமல் போவது, அவற்றில் பெரும்பாலானவை வேலை செய்யத் தெரியாத முதிராச் செல்கள் என்பதால்தான்.

மைலோமா இதை வேறொரு வகையில் செய்கிறது; அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நலமான பிளாஸ்மா செல்களில் ஒரு பகுதி மஜ்ஜைக்கு வந்து பல்லாண்டுகள் உயிர்வாழ்கின்றன. சிறுவயதில் போட்ட தடுப்பூசிகள் சிலவற்றின் பாதுகாப்பு நெடுங்காலம் நீடிப்பதற்கு அவையும் ஒரு காரணம். மைலோமா செல் அந்த வழித்தோன்றலாகையால், மஜ்ஜையில் நிலைத்து வாழும் திறன் அதற்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது. அது ஸ்ட்ரோமா செல்லோடு ஒட்டிக்கொண்டதும், ஸ்ட்ரோமா செல் ஐஎல்-6 என்ற வளர்ச்சிக் காரணியை அதிகமாகச் சுரக்கிறது. மைலோமா செல் அதை உண்டு பெருகுகிறது. எலும்பு என்பது ஒருபுறம் கரைந்தும் மறுபுறம் கட்டப்பட்டும் எப்போதும் புதுப்பிக்கப்படும் திசு. மைலோமா இந்தச் சமநிலையை இரண்டு பக்கமும் குலைக்கிறது. ரேங்க்எல் என்ற புரதத்தின் அளவு கூடுவதால் எலும்பைக் கரைக்கும் செல்கள் தூண்டப்படுகின்றன. டிகேகே1 என்ற புரதத்தால் எலும்பைக் கட்டும் செல்கள் முடக்கப்படுகின்றன. கரையும் எலும்பிலிருந்து, அதில் சேமிக்கப்பட்டிருந்த வளர்ச்சிக் காரணிகள் வெளியேறி, மைலோமாவை மேலும் வளர்க்கின்றன. எக்ஸ்ரேயில் மண்டையோடு முழுவதும் துளைத்ததுபோல் கருவட்டங்கள் தெரிவதும், குனிந்து ஒரு வாளியைத் தூக்கியதற்கே முதுகெலும்பின் ஒரு கணு நசுங்கிப்போவதும், ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படுவதும் இந்தச் சுழற்சியின் விளைவுகள். புதிய எலும்பு உருவாகும் இடங்களைக் காட்டும் வழக்கமான எலும்பு ஸ்கேனில் மைலோமாவின் பாதிப்புகள் பல நேரங்களில் தென்படாமல் போவதற்கும் இதுவே காரணம். கட்டும் செல்கள் அங்கே முடங்கிவிட்டன. அதனால்தான் மருத்துவர்கள் சிடி, எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன்களைக் கேட்கிறார்கள். வயது கூடியவர்களுக்குக் காரணம் தெரியாத முதுகுவலி நீடித்து, கூடவே ரத்தசோகையும் இருந்தால், தைலம் தேய்த்தே காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மஜ்ஜையில் தங்குவது புற்றுநோய் செல்லுக்குத் தரும் மிகப் பெரிய ஆதாயம் பாதுகாப்பு. ஸ்ட்ரோமா செல்லையோ சுற்றியுள்ள ஃபைப்ரோனெக்டின் என்ற புரத இழைகளையோ இன்டெக்ரின்களால் பற்றியிருக்கும் செல்லுக்கு, சாகாதே என்ற சமிக்ஞை தொடர்ந்து கிடைக்கிறது. அதே செல்லைக் கண்ணாடித் தட்டில் தனியே வைத்துக் கொடுத்தால் கொல்லும் மருந்தின் அளவு, மஜ்ஜையில் ஒட்டியிருக்கும்போது கொல்லாமல் போகலாம். மஜ்ஜையில் ஆக்சிஜனும் குறைவு. சில செல்கள் அங்கே இரண்டாகப் பிரிந்து பெருகாமல் உறங்குநிலையில் இருக்கின்றன. பிரியும் செல்களையே பெரிதும் தாக்கும் கீமோதெரபி மருந்துகள் இவற்றைத் தவறவிடுகின்றன. குணமாகிவிட்டது என்று நினைத்த நோய் மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்துத் திரும்புவதற்கு இந்த எச்சச் செல்கள் ஒரு முக்கியக் காரணம்.

மஜ்ஜை சிலவேளை அடுத்த பயணத்துக்கும் வாயிலாகிறது. குழந்தைகளை அதிகம் தாக்கும் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா மூளையைச் சூழ்ந்த உறைகளுக்கு எப்படிப் போகிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. முதுகெலும்பு, மண்டையோடு ஆகியவற்றின் மஜ்ஜையை மூளை உறைகளோடு நேரடியாக இணைக்கும் சிறு ரத்தக்குழாய்கள் உண்டு; லுக்கீமியா செல்கள் அவற்றின் வெளிப்பரப்பைப் பற்றியபடி ஊர்ந்து செல்வதை 2018-இல் வெளிவந்த எலி ஆய்வு காட்டியது. இந்த நோய்க்குத் தொடக்கத்திலிருந்தே முதுகுத்தண்டில் ஊசி வழியாக மருந்து செலுத்துவது, அங்கே ஒளிந்திருக்கக்கூடிய செல்களையும் விட்டுவைக்காமல் இருப்பதற்காகத்தான்.

இந்த அறிவு சிகிச்சைக்கு என்ன தந்திருக்கிறது? பிளெரிக்ஸாஃபோர் என்ற மருந்தின் வரலாறு இதற்குச் சிறந்த உதாரணம். சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பியை எச்ஐவி கிருமியும் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்துவதால், அதை அடைக்கும் இந்த மருந்து முதலில் எச்ஐவிக்காகத்தான் சோதிக்கப்பட்டது. மருந்து பெற்றவர்களின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் திடீரென்று கூடியதைக் கண்ட ஆய்வாளர்கள், மஜ்ஜையின் பிடி தளர்வதால் செல்கள் வெளியே வருகின்றன என்று உணர்ந்தார்கள். 2008 டிசம்பரில் அமெரிக்காவில் அது வேறொரு பணிக்கு அனுமதி பெற்றது: லிம்போமா, மைலோமா நோயாளிகளிடமிருந்து அவர்களின் ஸ்டெம் செல்களையே ரத்தத்துக்கு வரவழைத்துச் சேகரிப்பதற்கு. மாற்றுச் சிகிச்சைக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது 20 லட்சம் ஸ்டெம் செல்கள் வேண்டும். முன்பு அந்த அளவு கிடைக்காமல் திரும்பிய பலருக்கு இப்போது கிடைக்கிறது. இதே உத்தியால் லுக்கீமியா செல்களை மஜ்ஜையிலிருந்து வெளியே இழுத்து, பாதுகாப்பற்ற நிலையில் கீமோதெரபியால் தாக்கும் முயற்சிகளும் நடந்தன. அவை இன்னும் வழக்கமான சிகிச்சையாக நிலைபெறவில்லை. ஈ-செலக்டினைத் தடுக்கும் யுப்ரோலெசெலான் என்ற மருந்தும் பெரிய எதிர்பார்ப்போடு சோதிக்கப்பட்டு, 2024-இல் வெளியான மூன்றாம் கட்ட முடிவுகளில் ஆயுளை நீட்டிக்கும் இலக்கை எட்டவில்லை. ஒரு பிடியை விலக்கினால் இன்னொரு பிடியால் பற்றிக்கொள்ளும் செல்லை ஒற்றை மருந்தால் வெளியேற்றுவது கடினம்.

இப்ருடினிப் மாத்திரையைத் தொடங்கும் குரோனிக் லிம்ஃபோசைட்டிக் லுக்கீமியா நோயாளிகளும் இதன் ஒரு முகத்தை நேரில் காண்கிறார்கள். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் வீங்கியிருந்த நிணநீர்க் கணுக்கள் வடிந்துகொண்டிருக்கும். ஆனால் ரத்த ரிப்போர்ட்டில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை முன்பைவிடக் கூடியிருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்து சிலர் நிறுத்திவிட நினைப்பதுண்டு. திசுக்களில் பற்றியிருந்த செல்கள் பிடி தளர்ந்து ரத்தத்துக்குள் வந்து சேர்வதால் ஏற்படும் ஏற்றம் அது. பெரும்பாலோருக்கு அடுத்து வரும் மாதங்களில் தானாகவே இறங்கும். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

சிகிச்சைக்குப் பின் ரத்தப் பரிசோதனை சீராக வந்த பிறகும் மறுபடியும் இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுப்பது எதற்கு என்று நோயாளிகள் கேட்பது நியாயமே. அந்தப் பரிசோதனை வலி தரக்கூடியது. நுண்ணோக்கியில் மஜ்ஜை தூய்மையாகத் தெரிந்தாலும், நூறு செல்களில் சில இருந்தால் கண்ணுக்குத் தப்பிவிடலாம். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற முறையில் 10,000 செல்களுக்கு ஒன்று என்ற அளவில் எஞ்சியிருக்கும் புற்றுநோய் செல்லையும் கண்டறிய முடியும். மரபணு முறைகள் அதைவிடவும் நுட்பமானவை. மிச்ச நோய் என்று ரிப்போர்ட்டில் குறிக்கப்படும் இந்த அளவைக் கொண்டுதான், அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா உள்ள குழந்தைக்கு முதற்கட்ட மருந்துகள் முடிந்ததும் சிகிச்சையை அதே வீரியத்தில் தொடர்வதா, கூட்டுவதா, மாற்று மஜ்ஜைக்குக் கொடையாளியைத் தேடத் தொடங்குவதா என்று மருத்துவர்கள் தீர்மானிக்கிறார்கள்.